செய்தி நேரத்து நடை

பாடம் நடக்கும்போது மேலே ஹெலிகாப்டர் வந்தால் டீச்சர் பேச்சை நிறுத்திக்கொள்வார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். போலந்தின் கிழக்கே, லூப்ளின் நகரத்தை ஒட்டிய எங்கள் ஷ்விட்னிக்கில் அது அன்றாட வழக்கம். லூப்ளினுக்குக் கோட்டை உண்டு, பழைய தெருக்கள் உண்டு. எங்களுக்கு இருந்தது ஆலை. அதைச் சுற்றிக் குடியிருப்புகள் எழும்பி, 1954-இல்தான் நகரம் என்ற தகுதியே கிடைத்தது. ஆலையை எல்லோரும் ‘வூஎஸ்கா’ என்பார்கள். அங்கே செய்த மோட்டார் சைக்கிளுக்கும் அதே பெயர். அப்பாவுக்கு மி-2 ஹெலிகாப்டர் பிரிவில் வேலை. அவர் சட்டையில் வீசிய எண்ணெய் வாசனை எத்தனை துவைத்தாலும் போகாது.

1980 ஜூலை 8 அன்று அப்பா வழக்கமான நேரத்துக்கு வீடு வரவில்லை. கேன்டீனில் 10 ஸ்லாட்டி சொச்சத்துக்கு விற்ற கட்லெட்டை ஒரே நாளில் 18-க்கு மேல் ஏற்றிவிட்டார்களாம். மெஷின்கள் நின்றன. அந்த மாதமே லூப்ளினில் ரயில்கள்கூட நின்றன. உலகம் ஆகஸ்டில் க்டான்ஸ்க் கப்பல் தளத்தில் நடந்த வேலைநிறுத்தத்தை நினைவில் வைத்திருக்கிறது. வைத்திருக்கட்டும். ஆனால் லூப்ளின் வட்டாரம் முழுக்கப் பரவிய அந்த வேலைநிறுத்தம் எங்கள் ஊர்ச் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது என்பதை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

எனக்கு நன்றாக நினைவிருப்பது 1982 பிப்ரவரி. ராணுவச் சட்டம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவோடு வேலை செய்த சிலரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். இரவு 7.30-க்குத் தொலைக்காட்சியில் செய்தி. அதில் வருவது பொய் என்று பெரியவர்கள் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் செய்தி தொடங்கியதும் அம்மா எனக்குக் கோட்டை மாட்டி, கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டார். படியில் இறங்கும்போதே அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தெரு நிறைய ஆட்கள்: தள்ளுவண்டியில் குழந்தைகள், நாய்கள், கைகோத்த கிழவர்கள். யாரும் கோஷம் போடவில்லை. பனியில் பூட்ஸ் நெரியும் சத்தம்தான். சில வீட்டு ஜன்னல்களில் தொலைக்காட்சிப் பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். செய்தி வாசிப்பவர் காலித் தெருவுக்கு வாசிக்கட்டும் என்றுதான் வைத்தார்களோ என்னவோ, தெரு காலியாக இல்லை. அப்பா எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். அத்தனை பேரை அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நடப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அதனால் அதிகாரிகள் ஊரடங்கை மாலை 7 மணிக்கே தொடங்க வைத்தார்கள். 5 மணிக்கும் ஒரு செய்தி உண்டே! அம்மா அடுப்பை முன்னதாகவே அணைத்துவிட்டு, என் கோட்டை எடுத்தார்.