வண்டிய மாத்துறதா, வேணாமா?

ஆர்.சி. தேதி நெருங்குது. 15 வருஷம் முடியப் போகுது.
ஆர்டிஓ ஆபீஸ்ல கொண்டுபோய்க் காட்டினா இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பிச்சுத் தருவாங்க.
இல்லன்னா வித்துட்டு வேற பாக்கணும்.

யமஹா ஆர்15. முதல் மாடல்.
2008ல வந்தப்போ 150 சிசி வண்டிக்கு லிக்விட் கூலிங், ஆறு கியரான்னு வாயப் பொளந்தவன் நான்.
கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுலயும் இன்னிக்கும் சொன்ன பேச்சு கேக்குது.

கேக்காதது என் இடுப்புதான்.
குனிஞ்சு ஓட்டுற ஹேண்டில்பார். இப்ப குனிஞ்சா டேங்குக்கும் எனக்கும் நடுவுல தொப்பை வந்து உக்காந்துக்குது.

புது ஆர்15 பாத்தேன். 155 சிசி, டிராக்ஷன் கன்ட்ரோல் எல்லாம் இருக்கு. பின் சீட்டு மட்டும் பரண் உயரம்.
"ஏணியும் சேத்துத் தருவாங்களான்னு கேளுங்க"ன்னுட்டாங்க வீட்டம்மா.

எம்டி-15 எடுக்கலாம். அதே 155 சிசி இன்ஜின்தான், நிமிந்து உக்காந்து ஓட்டலாம்.
ஆனா ஃபேரிங் கெடையாது. அத எடுத்தா வயசாயிடுச்சுன்னு நானே ஒத்துக்கணும்.

மெக்கானிக் அண்ணன் வேற, "இன்ஜின் சுத்தமா இருக்கு தம்பி. வித்தா வர்ற காசு புது வண்டியோட டாக்ஸுக்கும் இன்சூரன்ஸுக்குமே சரியாப் போயிடும்"ங்கிறாரு.

வண்டிய மாத்துறதா, உடம்பக் கொறைக்கிறதா?
எது சுளுவு, சொல்லுங்க மக்களே.