தோண்டுவதற்கு முன்

மெக்சிகோவில் காணாமற்போனோரின் அரசுப் பதிவேடு 1,30,000 பெயர்களைத் தாண்டிவிட்டது. அதில் முன்வரிசையில் இருக்கும் மாநிலங்களில் ஒன்று ஹலிஸ்கோ. அதன் தலைநகர் குவாதலஹாராவுக்கு வெளியே, பன்றிகளைப் புதைத்துவிட்டு அந்த நிலத்தை ட்ரோனால் படம் பிடித்து வருகிறார்கள் என்று அறிந்துதான் அங்கே போனேன்.

உடல் பருமனிலும் அழுகும் விதத்திலும் பன்றி மனிதருக்கு நெருக்கமானது. மாநிலத் தேடல் ஆணையமும், சென்ட்ரோஜியோ என்ற புவித்தகவல் ஆய்வு மையமும், குவாதலஹாரா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யும் ஆய்வு இது. சில பன்றிகளுக்கு உடுப்பு மாட்டியிருக்கிறார்கள். சிலவற்றை ஒட்டுநாடாவால் சுற்றியும், பிளாஸ்டிக் பையில் திணித்தும், சுண்ணாம்பு கொட்டியும், எரித்தும் புதைத்திருக்கிறார்கள். கடத்தல் கும்பல்கள் மனிதரை எப்படியெல்லாம் மறைக்கின்றனவோ, அப்படியெல்லாம். கேட்கவே வயிற்றைப் பிசைகிறது. ஆனால் எந்தப் புதைகுழி எந்த அடையாளத்தை எத்தனை மாதம் வைத்திருக்கும் என்று அறிய வேறு வழியில்லை.

ட்ரோனைப் பறக்கவிடுவது கடைசி வேலை என்பதை அங்கேதான் கண்டேன். ட்ரோன் ஓட்டும் இளம்பெண் வந்ததும் பெட்டியைத் திறக்கவில்லை. நிலத்தின் மூலைகளிலும் நடுவிலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகைகளை வைத்து, ஒவ்வொன்றின் மையத்திலும் ஜிபிஎஸ் கம்பை நிறுத்தி, கம்பின் மட்டக் குமிழி அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருந்து அளவெடுத்தாள். "இது பிசகினால் மேலே எடுப்பது அத்தனையும் பிசகும்" என்றாள். அதன் பிறகு ட்ரோன் 30 மீட்டர் உயரத்தில் உழவுச் சால் போலப் போய் வந்தது. ஒவ்வொரு படமும் முந்திய படத்தில் ஐந்தில் நான்கு பங்கை மறுபடி எடுக்கும். ஒரே கல்லைப் பல கோணங்களில் பார்த்தால்தான் அதன் உயரத்தைக் கணினியால் கணக்கிட முடியும். ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நிலத்தைக் காட்டுகிற வரைபடம் இப்படித்தான் உருவாகிறது.

மடிக்கணினியில் அவள் நிறங்களை நீக்கினாள். புல்லின் நிறமும் சருகின் நிறமும் போய்த் தரையின் மேடுபள்ளம் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. பிறகு திரையில் வெளிச்சத்தைத் தாழ இறக்கி, ஒரு பக்கமாக விழச் செய்தாள். நேரில் நடந்தபோது என் கண்ணுக்குத் தட்டையாக இருந்த இடத்தில் ஒரு நீள்வட்டப் பள்ளம் நிழலோடு எழுந்தது. ஓரத்தில் மெல்லிய வெடிப்பு. பக்கத்தில் இன்னொரு நீள்வட்டம். அதுவும் குழியா என்று கேட்டேன். "மாடு படுக்கிற இடம்" என்றாள்.

தோண்டி மூடிய மண் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அடிமண்ணும் மேல்மண்ணும் கலந்துவிடும். முதலில் மேடாக இருக்கும். உள்ளே உடல் சிதையச் சிதையத் தாழும். அந்தப் பள்ளத்தில் மழைநீர் தங்கும். கிளறிய மண் வெயிலை வாங்குவதும் விடுவதும் பக்கத்து மண்ணைப் போலல்ல. அதனால் வெப்பக் கேமராவை அந்தியிலோ விடியலுக்கு முன்போ பறக்கவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி அலைகளைப் படிக்கும் கேமரா, ஒரே பச்சையாகத் தோன்றும் செடிகளில் எது கூடுதல் ஊட்டம் பெற்றது, எது வாடுகிறது என்று பிரிக்கிறது.

ஆனால் இந்தப் பார்வையில் ஒரு பங்கு தாய்மாருடையது. பிள்ளையைத் தேடி மலையும் காடுமாக அலைகிறவர்கள் அவர்கள். கையில் ஆங்கில டி எழுத்து வடிவ இரும்புக் கம்பி. சந்தேகப்பட்ட இடத்தில் சுத்தியலால் அடித்து இறக்கி, உருவி, நுனியை முகர்ந்து பார்க்கிறார்கள். புதைகுழியின் மேல் ஒருவகை மஞ்சள் பூ செழித்து வருவதை ஆய்வாளர்களிடம் சொன்னவர்கள் இத்தகைய குடும்பத்தினரே. பன்றிக் குழிகளைப் பார்க்க வந்திருந்த ஒரு தாய் திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "மகளே, மழை விட்டதும் இன்னொரு தரம் பறக்கவிடு. அப்போது புல் சொல்லும்" என்றார். அந்தப் பெண் உடனே குறித்துக்கொண்டாள்.

ட்ரோன் எந்த உடலையும் கண்டுபிடிப்பதில்லை. அடர்ந்த மரக்கூரை அதன் கேமராவை மறைக்கும். ஆழக் குழியும் சிமெண்டுத் தளமும் அதை ஏமாற்றும். ஒரு மலைச்சரிவில் எங்கே வண்டி போக முடியும், எங்கே மண் வெட்ட இளகும், எந்த இடம் சாலையிலிருந்து தெரியாது என்று பார்த்து, தோண்ட வேண்டிய பரப்பை அது சுருக்கித் தருகிறது. கம்பியோடு ஏறும் ஐம்பது வயதுத் தாய்க்கு அது எத்தனை பெரிய உதவி என்பதை அந்தச் சரிவில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

அங்கே நின்றபோது எனக்கு நம் இலங்கை மண்தான் நினைவில் ஓடியது. மன்னார் சதொச வளாகப் புதைகுழி 2018-ல் கட்டட வேலையில் வெளிப்பட்டது. கொக்குத்தொடுவாய் 2023-ல் தண்ணீர்க் குழாய்க்கு மண் வெட்டியபோது. செம்மணி சித்துப்பாத்தி மயானம் 2025-ல் தகனமேடை கட்டத் தோண்டியபோது. மூன்றிலும் இயந்திரமோ மண்வெட்டியோதான் முதலில் இறங்கியது. முதலில் வெட்டுப்பட்ட இடங்களில் மேற்பரப்பு என்ன சொல்லியிருக்கும் என்பதை இனி எவராலும் படிக்க முடியாது. செம்மணியில் அடுத்து எங்கே தோண்டுவது என்று முடிவுசெய்ய, பின்னர் செயற்கைக்கோள் படங்களும் ட்ரோன் படங்களும் பயன்பட்டன.

சாட்சிகள் கைகாட்டியும் இன்னும் தோண்டப்படாத இடங்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கின்றன. குடும்பங்களுக்காக நீதிமன்றம் ஏறும் சட்டத்தரணிகளுக்கும், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அகழ்வுக்குக் கட்டளை கேட்கும் அதே மனுவில், அதற்கு முன் அந்த நிலத்தை வானிலிருந்து அளக்கவும், மாரியில் ஒரு தரமும் கோடையில் ஒரு தரமும் படமெடுக்கவும் கட்டளை கேளுங்கள். அந்தப் படங்களின் ஒரு பிரதியைக் குடும்பங்களிடமும் கொடுங்கள்.