மாண்ட்ரியல் பங்குக்கு வேறு அளவுகோல்

புதுச்சேரியில் கணக்கும் வருமான வரியும் பார்த்துப் பிழைப்பவனுக்கு வெளிநாட்டுக் கேள்விகளிலிருந்து தப்ப வழியில்லை. பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் வீடுகளும், பாரிஸிலோ மாண்ட்ரியலிலோ பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகளும் இங்கே ஏராளம். அந்த வீடுகளிலிருந்து என்னிடம் வரும் கேள்விகளில் ஒன்று: "சி.ஜி.ஐ. வாங்கலாமா சார்?"

1976-ல் கியூபெக் நகரில் செர்ஜ் கொதான் தொடங்கிய கணினிச் சேவை நிறுவனம் அது. இன்று தலைமையகம் மாண்ட்ரியலில். டொரண்டோ, நியூயார்க் இரண்டு சந்தைகளிலும் பங்கு கிடைக்கும். பிரான்ஸிலும் பெரிய தொழில் இருப்பதால் நம் ஊருக்கு அந்தப் பெயர் புதிதல்ல. ஆண்டறிக்கை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வருவதால், இங்குள்ள பெரியவர்கள் சிலர் என்னைவிட வேகமாக அதைப் படித்துவிடுகிறார்கள்.

படித்ததும் வரும் முதல் புகார்: "டி.சி.எஸ்.ல செயல்பாட்டு லாபம் நூத்துக்கு இருபத்து நாலுக்கு மேல நிக்குது. இதுல பதினாறுதானே?"

எண்கள் சரி, ஒப்பீடுதான் தவறு. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் ஆகியவற்றின் லாபம் பெரும்பாலும் சம்பள வித்தியாசத்தில் பிறக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் ரூபாயில் சம்பளம் கொடுத்து, அமெரிக்காவில் டாலரில் பில் போடுகிறார்கள். சி.ஜி.ஐ.க்கும் சென்னை, பெங்களூர் அலுவலகங்கள் உண்டு. ஆனால் அதன் ஆட்களில் பெரும்பகுதியினர் வாடிக்கையாளர் இருக்கும் ஊரிலேயே உட்கார்ந்து, அந்த ஊர்ச் சம்பளம் வாங்குகிறவர்கள். அப்படி இருந்தும் பதினாறு நிற்கிறது என்றால் அது சாதாரணமல்ல. அரசுத் துறைகள், வங்கிகள் ஆகியவற்றோடு செய்துகொண்ட நீண்ட கால ஒப்பந்தங்கள் அதைத் தாங்குகின்றன.

ஆகவே லாப விகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, கையில் உள்ள வேலையைப் பார்க்கச் சொல்வேன். செப்டம்பர் 2024-ல் முடிந்த நிதியாண்டில் வருவாய் சுமார் 1,468 கோடி கனடிய டாலர். கையெழுத்தாகி இன்னும் முடிக்காத வேலை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆண்டில் நூறு டாலருக்கு பில் போட்டால் புதிதாக எத்தனை டாலர் ஒப்பந்தம் வந்தது என்பதையும் காலாண்டுதோறும் சொல்கிறார்கள். அந்த எண் தொடர்ந்து நூறுக்குக் கீழே போனால், லாபம் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் நான் ஒதுங்கிவிடுவேன்.

அடுத்தது, வளர்ச்சி எங்கிருந்து வந்தது? அதே ஆண்டில் வருவாய் 2.7 சதவீதம் கூடியது. நாணய மாற்று விகிதத்தால் வந்ததைக் கழித்தால் ஒரு சதவீதம்கூடத் தேறாது. இந்த நிறுவனம் பிற நிறுவனங்களை வாங்கி வளர்ந்தது. 2004-ல் அமெரிக்கன் மேனேஜ்மென்ட் சிஸ்டம்ஸ், 2012-ல் பிரிட்டனின் லாஜிகா. லாஜிகா வந்தபோது ஆட்களின் எண்ணிக்கை ஒரே மூச்சில் இரண்டு மடங்கைத் தாண்டியது. வாங்கி வளர்வது குற்றமல்ல. ஆனால் வாங்கிய விலைக்கும் கிடைத்த சொத்துக்கும் உள்ள வித்தியாசம் 'நற்பெயர்' என்ற தலைப்பில் இருப்புநிலைக் குறிப்பில் ஏறும். அது வீங்கிக்கொண்டே போனால் என்னவாகும் என்பதைக் கனடாவின் நார்டெல் காட்டியது. 2000-ல் டொரண்டோ குறியீட்டின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே தொலைத்தொடர்புக் கருவி நிறுவனம்தான். மறு ஆண்டே ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் நற்பெயரைத் தள்ளுபடி செய்தது. 2009 ஜனவரி 14 அன்று திவால் பாதுகாப்பு கேட்டது.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஜனவரி 7 அன்று, ஐதராபாத்தில் சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு கணக்கில் காட்டிய ரொக்கம் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். பொய்யாகக் காட்டிய தொகை 5,040 கோடி ரூபாய். அதற்கு வராத வட்டியைக்கூட வந்ததாக எழுதியிருந்தார்கள். முந்தின மாதம்தான் குடும்பத்தின் மேடாஸ் நிறுவனங்களை அந்தப் பணத்தில் வாங்கப் பார்த்து, பங்குதாரர் எதிர்ப்பில் பின்வாங்கினார்கள். காகிதத்தில் உள்ள ரொக்கத்தைவிடப் பங்குதாரர் கைக்கு வந்து சேரும் ரொக்கத்தை நம்பும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்தது. இந்த விஷயத்தில் சி.ஜி.ஐ. தேறுகிறது. 2024-ல் நிகர லாபம் சுமார் 169 கோடி டாலர். தொழிலிலிருந்து வந்த ரொக்கம் சுமார் 220 கோடி. பல ஆண்டுகளாகத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கி வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் காலாண்டு டிவிடெண்டும் அறிவித்தது.

ஒரு குறை உண்டு. நிறுவனர் தரப்பிலுள்ள 'பி' வகைப் பங்குக்குப் பத்து ஓட்டு. சந்தையில் நாம் வாங்குவதற்கு ஒன்றே ஒன்று. கொதான் குடும்பத்தை நம்ப முடியாதவர்கள் இந்தப் பங்கின் பக்கம் போகவே வேண்டாம்.

வாங்கிய பிறகு செலவும் வேலையும் உண்டு. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பினால், கூடுதல் தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி முன்வரியாகப் பிடித்து வைக்கும். கணக்குத் தாக்கலில் அதை நேர் செய்துகொள்ளலாம். டிவிடெண்டில் கனடாவும் வரி பிடிக்கும். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும், இந்தியாவில் வசிப்பவர் அதை வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியாக வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான்: சி.ஜி.ஐ. நேர்மையாக நடக்கும், மெதுவாக வளரும் நிறுவனம். நாணயமும் புதுக் கையகப்படுத்தலும் நீங்கலாக வருவாய் எத்தனை சதவீதம் வளர்ந்தது என்பதை ஆண்டறிக்கையில் நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். அந்த எண்ணுக்கு ஏற்ற விலையில் பங்கு கிடைத்தால் வாங்கலாம். தேட நேரமில்லை என்றால் பரஸ்பர நிதியே போதும்.