'துப்பாக்கியா... நம்ம வீட்டுக்கா?' - செகண்ட் ஹேண்டில் ஏர் பிஸ்டல் வாங்கிய கதை!

"என்னது, துப்பாக்கியா?" என்று அம்மா கேட்டபோது குக்கர் மூணாவது விசில் அடித்தது. "ஸ்கூட்டி வாங்கச் சேர்த்த காசுடி அது. பக்கத்து வீட்டு அக்காகிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காத." அன்றைக்கு அத்தோடு பேச்சு முடிந்தது.

சின்ன வயதில் மாமல்லபுரம் கடற்கரையில் பலூன் சுட்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். எனக்கும் துப்பாக்கி ஆசை அங்கேதான் ஆரம்பித்தது. பிறகு வேலைக்கு வந்தேன். 2022-ல் திருச்சியில் நடந்த மாநில துப்பாக்கிச் சுடும் போட்டியில் அஜித் கலந்துகொண்டபோது அந்தச் செய்திகளை விடாமல் படித்தேன். 2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற செய்தியை டைப் செய்தபோது, டோக்கியோவில் பிஸ்டல் பழுதானதால் நிமிடங்களை இழந்து இறுதிச்சுற்றுக்குப் போக முடியாமல் நின்ற அவர் முகம் ஞாபகம் வந்தது. அடுத்த வாரமே ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்துவிட்டேன்.

அங்கே எல்லோரும் ஒரே பிஸ்டலுக்கு வரிசையில் நிற்போம். சொந்தமாக வாங்கலாம் என்றால், வெளிநாட்டுத் தயாரிப்பு புதிது லட்சத்தைத் தாண்டும். அதனால்தான் செகண்ட் ஹேண்ட்.

லைசென்ஸ் வேண்டாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்கு மிகாத சக்தி என்ற அளவுக்குள் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. .22 பிஸ்டல் என்றால் கதை வேறு, லைசென்ஸ் இல்லாமல் தொடவே முடியாது. ஜெர்மனியிலும் இப்படித்தான். அங்கே .22 வாங்க ஒரு கிளப்பில் 12 மாதம் முறையாகப் பயிற்சி செய்திருக்க வேண்டும். ஆனால், 7.5 ஜூலுக்கு மிகாத ஏர் பிஸ்டலை 18 வயதானவர் வாங்கிவிடலாம். அந்த வகைக்கு அடையாளமாக ஐங்கோணத்துக்குள் 'எஃப்' என்று ஒரு முத்திரை இருக்கும். நான் பார்க்கப்போன வால்தர் எல்பி300-லும் அந்த முத்திரை இருந்தது. அதைத் தடவிப் பார்த்ததுமே பாதி மயங்கிவிட்டேன். தப்பு அங்கேதான் தொடங்கியது.

விற்பவர் மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற மனிதர். "உப்புக்காத்து ஊரும்மா, ஆனா வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைச்சிருக்கேன்" என்றார். உண்மைதான், குழலில் துருவே இல்லை. ட்ரிக்கரில் எடை தொங்கவிட்டுப் பார்த்தோம். போட்டி விதிப்படி குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும், தாங்கியது. கைப்பிடிதான் எனக்குப் பெரிது. இந்த பிஸ்டல்களின் மரக் கைப்பிடியைச் சொந்தக்காரர் தன் உள்ளங்கைக்கு ஏற்றபடி அரத்தால் தேய்த்து, மரப்பசை அப்பி வைத்திருப்பார். இன்னொருவருடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டது மாதிரி இருந்தது. சரி, தேய்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆதார் நகல்களை மாற்றிக்கொண்டு, விற்றதற்கு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முழுப் பணத்தையும் ஜிபே செய்தேன்.

மறுநாள் பயிற்சி மையத்தில் கோச் சார் பிஸ்டலைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே இருக்கும் சின்ன சிலிண்டரைத்தான் திருப்பிப் பார்த்தார். "தேதி பார்த்தியாம்மா?"

பார்க்கவில்லை. காற்று அடைக்கும் அந்த சிலிண்டருக்குத் தயாரிப்பாளர் தரும் ஆயுள் பொதுவாகப் பத்து வருடம். இதற்கு அது எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. உள்ளே 200 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பதைப் போல சுமார் 90 மடங்கு. அது நம் முகத்திலிருந்து ஒரு கை நீளத்தில் இருக்கிறது. சிலிண்டர் கெடுவுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது வீரரின் பொறுப்பு என்று சர்வதேச விதியே சொல்கிறது. கோச் சார் காற்று நிரப்ப மறுத்துவிட்டார்.

விற்றவருக்கு போன் போட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. நான் போன மாசம் வரைக்கும் அதுலதான் சுட்டேன்" என்றார். கோபமாக வந்தது. ஆனால் அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மனசு வரவில்லை. நம்பித்தான் சுட்டிருக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவும் இல்லை. அதற்காக நானும் நம்ப முடியுமா? புது சிலிண்டருக்குப் பாதி மாதச் சம்பளம் வேண்டும். வாங்க இரண்டு மாதம் ஆனது.

அந்த இரண்டு மாதம் வீணாகவில்லை என்பதுதான் ஆச்சர்யம். குண்டும் காற்றும் இல்லாமல் ட்ரிக்கரை மட்டும் அழுத்திப் பழகுவதற்கு 'டிரை ஃபயர்' என்று பெயர். ஹாலில் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, ஒரு கையை பாக்கெட்டில் விட்டு, மறு கையை நீட்டித் தினமும் அரை மணி நேரம். சுமார் ஒரு கிலோ எடைதான். ஆனால், பத்தாவது நிமிடத்தில் தோள் கெஞ்சும். கண் இலக்கைப் பார்க்கக் கூடாது, குழல் முனையில் இருக்கும் குறிமுள்ளைத்தான் பார்க்க வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். நாள் முழுக்க நோட்டிஃபிகேஷனுக்குத் தாவிப் பழகிய என் கண்ணுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது.

அம்மா முதல் வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. அப்புறம் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "கை ஆடுதுடி" என்று சொல்ல ஆரம்பித்தார்.

புது சிலிண்டர் வந்தது. 10 மீட்டர் தூரம், 60 குண்டு, ஒன்றேகால் மணி நேரம். இலக்கின் நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான், சட்டைப் பித்தான் அளவு. முதல் முழுச் சுற்றை முடித்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தேன்.

"எவ்ளோ?" என்றார் அம்மா.

"அறுநூறுக்கு நானூத்தித் தொண்ணூத்திரண்டும்மா."

"பரவால்லயே. பிளஸ் டூல நீ வாங்கினதைவிட ஜாஸ்தி" என்றபடி தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.