வித்தியாசம் 270

பி.காம். படித்தவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவனிடம் யாரும், ‘வண்டலூர்ல ட்ரை பண்றதுதானே?’ என்று கேட்பதில்லை. பி.காம். என்றால் மட்டும் மாமா, பக்கத்து வீட்டுக்காரர், முடிவெட்டுகிறவர் எல்லோரிடமும் ஒரே கேள்வி ரெடியாக இருக்கும். ‘பேங்க்ல ட்ரை பண்றதுதானே?’

அதுவும் நான் கரூர்க்காரன். இரண்டு வங்கிகள் பிறந்த ஊர். 1916-ல் கரூர் வைஸ்யா வங்கி, 1926-ல் லட்சுமி விலாஸ் வங்கி. (பின்னது 2020-ல் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்துவிட்டது.) வங்கி போக ‘ஃபைனான்ஸ்’ என்று ஒன்றும் எங்கள் ஊரில் உண்டு. நாலு பேர் பணம் போட்டு, மாடியில் ஒரு ரூம் பிடித்து, போர்டு மாட்டி, லாரிக்கும் தறிக்கும் கடன் கொடுப்பார்கள். அதில் பி.காம். பையனுக்கு எப்போதும் வேலை இருக்கும். ஒரு டி.வி.எஸ். 50, ஒரு ரெக்ஸின் பை, ஒரு வசூல் நோட்டு. அப்பா ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் கணக்குப்பிள்ளை. அவருக்கு அந்தப் பை ஆகாது. ‘கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உக்காரோணும் சாமி’ என்பார்.

நான் டிகிரி முடித்தது 2001-ல். ஃபைனான்ஸ் துறைக்குள் நுழைய அதைவிட மோசமான வருடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், கணக்கு சொல்கிறேன். 2000 பிப்ரவரியில் 6000-ஐத் தாண்டிய சென்செக்ஸ், 2001 செப்டம்பரில் 2600 பக்கம் கிடந்தது. மார்ச்சில் கேதன் பரேக் கைது. ஜூலையில் யூ.டி.ஐ. தன்னுடைய யு.எஸ்.64 யூனிட்டுகளை விற்பதையும் திரும்ப வாங்குவதையும் நிறுத்தி வைக்க, ரிடையர்மென்ட் பணத்தை அதில் போட்டிருந்தவர்கள் விழித்தார்கள். அதே ஜூலையில் பத்லாவுக்குத் தடை. வாங்கிய பங்குக்கு உடனே பணம் கட்டாமல், வட்டி மாதிரி ஒன்றைக் கொடுத்து அடுத்த செட்டில்மென்ட்டுக்குத் தள்ளிக்கொண்டே போகும் முறை அது. பல புரோக்கர் ஆபீஸ்களின் வியாபாரமே அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, அரசு வங்கி? அங்கே ஆட்களை எடுப்பதற்குப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2000-01ல் வந்த வி.ஆர்.எஸ். திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்துகொண்டிருந்த பி.எஸ்.ஆர்.பி. வாரியங்களையும் 2001-ல் கலைத்துவிட்டார்கள். நான் காலேஜ் மூன்று வருடமும் அந்தப் பரீட்சைக்குத்தான் கைடு வாங்கிப் படித்திருந்தேன். தண்ணியில்லாத கிணற்றுக்குக் கயிறு திரித்த கதை.

இன்றைக்குப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இது புரியாமல் போகலாம். 2011 முதல் ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வு வருடா வருடம் நடக்கிறது. போட்டி பயங்கரம்தான், ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்றாவது தெரியும். பங்குச் சந்தைப் பக்கம் போக செபி 2006-ல் தொடங்கிய என்.ஐ.எஸ்.எம். இருக்கிறது, சர்ட்டிஃபிகேட் பரீட்சைகள் இருக்கின்றன. எங்களுக்கு இருந்தது புதன்கிழமை ஹிந்துவும், டீக்கடை பெஞ்சும்.

அம்மாவின் இரண்டு பவுன் செயினை வைத்து ஐயாயிரம் வாங்கினார்கள். எங்கே வைத்தார்கள் என்கிறீர்கள்? அதே தெரு ஃபைனான்ஸில்தான். என்னை ஃபைனான்ஸ் துறைக்கு அனுப்ப, எங்கள் வீடு ஃபைனான்ஸுக்கு வட்டி கட்டியது. பொங்கல் வரை கெடு. அதற்குள் வேலை இல்லையென்றால் கரூருக்குத் திரும்பி ரெக்ஸின் பையைத் தூக்க வேண்டியது. அப்பா கண்டிப்பாகவெல்லாம் சொல்லவில்லை. ‘வட்டி ஏறுதில்ல’ என்றார், அவ்வளவுதான்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு ரூமில் மூன்று பேர். இன்டர்வியூக்களை வரிசையாகச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. ‘எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?’ முதல் வேலை கேட்டு வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? கல்யாணம் பண்ணிக்கொள்ள வந்தவனிடம், ‘ஏற்கெனவே எத்தனை கல்யாணம்?’ என்று கேட்பது போல. அடுத்தது ‘கம்யூனிகேஷன் இல்லை’. இங்கிலீஷ் வரவில்லை என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. எம்.பி.ஏ.க்களும் சி.ஏ. இன்டர் முடித்தவர்களும் டை கட்டிக்கொண்டு அதே பெஞ்சில் அதே மூவாயிரம் ரூபாய் வேலைக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு இடத்தில் ‘பேங்கிங் எக்ஸிக்யூட்டிவ்’ என்று கூப்பிட்டார்கள். போனால் கிரெடிட் கார்டு விற்கும் வேலை. வங்கி கூட இல்லை, வங்கிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சி. மாதம் பன்னிரண்டு கார்டு விற்றால் சம்பளம், பதினொன்று விற்றால் ‘பெட்டர் லக் நெக்ஸ்ட் மன்த்’. இன்னொரு இடத்தில் ஒரு கன்சல்டன்ஸி. தனியார் வங்கியில் கேஷியர் வேலை உறுதி, ரீஃபண்டபிள் டெபாசிட் ஐயாயிரம் என்றார்கள். என்னிடம் அவ்வளவு மிச்சம் இல்லாததால் எழுந்து வந்துவிட்டேன். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த ரூம்மேட் ஊருக்குப் போன் போட்டு வரவழைத்துக் கட்டினான். ரசீதுகூடக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் போனபோது அந்த மாடியில் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டான். இன்றைக்கும் இந்த வியாபாரம் நடக்கிறது. அப்போது மாடி வாடகைக்கு எடுத்தார்கள், இப்போது வாட்ஸ்அப்பிலேயே ஆஃபர் லெட்டர் அனுப்பிவிடுகிறார்கள். வேலை கொடுக்கிறவன் எதற்கய்யா பணம் கேட்கிறான்?

மேன்ஷனுக்கு எதிர்ச்சாரியில் ஒரு வீடு. திண்ணையில் தினமும் ஒரு பெரியவர் இங்கிலீஷ் பேப்பரை விளம்பரம் விடாமல் படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பேப்பர் இரவல் கேட்கப் போனேன். முப்பது வருடம் பேங்க் சர்வீஸ். வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்தவர். அந்த ஒரு லட்சத்தில் ஒருவர்!

‘உங்க சீட்டு காலியாச்சே, அதையாவது எனக்குக் கொடுத்திருக்கலாமே சார்’ என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

‘சீட்டு காலியாகலை தம்பி. சீட்டையே தூக்கிட்டான். அங்க இப்ப கம்ப்யூட்டர் உக்காந்திருக்கு’ என்றார்.

அவருக்குப் பொழுது போகவில்லை, எனக்கு வேலை கிடைக்கவில்லை. தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் திண்ணையில் கிளாஸ். காலேஜில் பேங்க் ரீகன்சிலியேஷனுக்குப் பதினாறு மார்க் வாங்கியவன் நான். ‘போட்ட செக் கலெக்‌ஷன் ஆகலைன்னா கூட்டுவியா, கழிப்பியா?’ என்று அவர் கேட்டதும், ‘கேஷ் புக்ல இருந்து ஆரம்பிச்சா கழிக்கணும் சார்’ என்று டக்கென்று சொன்னேன். ‘அது பரீட்சைக்கு. ஆபீஸ்ல எதைக் கழிக்கணும்னு எவனும் லிஸ்ட் குடுக்க மாட்டான். வித்தியாசம் மட்டும்தான் இருக்கும். அதை வச்சு நீ பின்னாடி போகணும்’ என்றார்.

எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்க்காத சங்கதிகள். கணக்கு இடித்தால் முதலில் வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார். அந்தத் தொகை எங்காவது இருந்தால், பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருக்கிறான். கிடைக்கவில்லையா, ஒன்பதால் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு நம்பரில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது. வேண்டுமானால் நீங்களே ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். 63-ஐ 36 என்று எழுதினால் வித்தியாசம் 27. எந்த இரண்டை மாற்றினாலும் ஒன்பதின் மடங்குதான் வரும்.

டிசம்பர் கடைசியில் செகண்ட் லைன் பீச்சில் ஒரு பங்கு புரோக்கர் ஆபீஸ். அப்போது மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் அந்தத் தெருவில்தான் இருந்தது. (2015-ல் செபி அதற்கு விடை கொடுத்துவிட்டது.) பேப்பர் ஷேர் இருந்த காலத்தில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை, ஸ்டாம்ப் சரியில்லை என்று திரும்பி வருகிற பேட் டெலிவரியைப் பார்க்கவே அந்த ஆபீஸில் நாலு பேர் இருந்தார்களாம். டீமேட் வந்ததும் நாலும் காலி. மிச்சமிருந்த அக்கவுன்டன்ட்டும் கோயமுத்தூர் போய்விட்டார். ஒரு வேலைக்கு நாங்கள் பதினேழு பேர்.

முதலாளி எக்ஸ்பீரியன்ஸ் பற்றிக் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு மாத கேஷ் புக் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கொடுத்தார். ‘டேலி பண்ணுங்க. அரை மணி நேரம்’ என்றார்.

பாஸாகாத செக்குகளையெல்லாம் சரி பண்ணிய பிறகும் 270 ரூபாய் இடித்தது. பக்கத்தில் இருந்தவர் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தார். நான் பாதியாக்கிப் பார்த்தேன். 135 எங்கேயும் இல்லை. ஒன்பதால் வகுத்தேன். 30. மீதியில்லை!

30 என்றால் என்ன அர்த்தம்? இடம் மாறியது பத்தாம் இலக்கமும் நூறாம் இலக்கமும். இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று. அதாவது 41, 52, 63, 74, 85, 96 மாதிரி ஜோடிகள் நடுவில் வருகிற தொகைகளை மட்டும் பார்த்தால் போதும். மூன்றாம் பக்கத்தில் கிடைத்தது. பேங்கில் 5,580. கேஷ் புக்கில் 5,850.

முதலாளி பேப்பரை வாங்கிப் பார்த்தார். ‘யாருகிட்ட இருந்தீங்க?’ என்றார். ‘எங்கயும் இல்ல சார்’ என்றேன். ‘பொய் சொல்லாதீங்க’ என்றார். என் வாழ்க்கையில் ஒரே ஒருவர்தான் எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் இருப்பதாக நம்பி எடுத்தார். இல்லை என்று நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை.

சம்பளம் 2,200. பொங்கலுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். ‘பேங்கா?’ என்றார். ‘இல்லீங்கப்பா, ஷேர் புரோக்கர் ஆபீஸ்.’ கொஞ்ச நேரம் சத்தமில்லை. எனக்கு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ‘கவுன்ட்டர் இருக்குதா?’ என்றார். ‘இருக்குதுங்கப்பா.’ ‘சரி, பாத்து இரு சாமி.’ (கவுன்ட்டர் என்று ஒரு மர டேபிள் இருந்தது.) செயினை மீட்க அடுத்த ஆடி ஆகிவிட்டது.

சாயங்காலம் கால் கிலோ மைசூர்பாக்கோடு திண்ணைக்குப் போனேன். 270 கதையை முழுசாகக் கேட்டார். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ‘பி.எஃப். புடிக்கிறானா?’ என்றார்.

‘இல்ல சார். சின்ன ஆபீஸ்.’

பேப்பரை மடித்து என் பக்கம் நீட்டினார். ‘அப்ப நாளைக்கும் வந்து விளம்பரம் பாரு.’