கல்லடியில் ஒரு மாலைச் சாப்பாடு

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிக்கு வருபவர்கள் வாவியைக் கடந்துதான் வரவேண்டும். 1924 இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலமும், ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பாலத்தைத் தாண்டினால் ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல், நடுவே ஒடுங்கிய நிலம். பாடும் மீன்களின் கதையைக் கேட்டு வருபவர்கள் பலர். நான் எழுதப்போவது கறிச்சட்டிக்குப் போகும் மீன்களைப் பற்றியும், பிரதான வீதியிலுள்ள சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியும்.

மாலை ஆறு மணிக்கு இந்த வீதியால் நடந்து பாருங்கள். தகட்டில் கொத்து ரொட்டி கொத்தும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸ், கட்லட், பற்றிஸ், வடை. பஸ்ஸால் இறங்கும் பெண்களில் எத்தனையோ பேர் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள். தையல், கடை வேலை, கூலி வேலை என்று நாள் முழுதும் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு அடுப்பு மூட்ட உடம்பில் தெம்பு இருக்காது. ஒரு பார்சலைக் கட்டிக்கொண்டு போவார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்தப் பார்சலையும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிட்டு, மிச்சத்தை வழித்துத் தின்பதுதான் எமது பெண்களின் வழக்கம். சீனி வருத்தமும் பிரசரும் கிளினிக்கில் எழுதப்பட்ட பிறகும் அதுவே நடக்கிறது. அவ விழுந்தால் அந்த வீட்டைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

என்னுடன் வேலை செய்யும் அக்கா ஒருவவுக்கு இரண்டு வருத்தமும் உண்டு. மத்தியதரைக் கடல் நாட்டுச் சாப்பாடு இருதயத்திற்கு நல்லது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். "கிரேக்கத்துச் சாப்பாட்டுக்கு நாம எங்க போற, புள்ள?" என்று சிரித்தா. ஆனால், கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அந்தச் சாப்பாடு பணக்காரரின் விருந்தாகத் தொடங்கவில்லை. கிரேக்கத்தின் கிரீட் தீவு 1941 முதல் 1945 வரை ஜேர்மன் படைகளின் பிடியில் இருந்தது. போர் முடிந்து, 1948 இல் அமெரிக்க நிறுவனமொன்று அங்குள்ள மக்களின் வாழ்க்கையை ஆராயப் போனது. ரொட்டி, பருப்பு வகைகள், காட்டுக் கீரை, பழங்கள், ஒலிவ் எண்ணெய் ஆகியவையே அவர்களின் சாப்பாடு. இறைச்சி மிகக் குறைவு. இன்னும் கொஞ்சம் இறைச்சி கிடைத்தால் நல்லது என்றுதான் அந்த மக்கள் சொன்னார்கள். பின்னர் 1958 இல் அன்செல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஏழு நாடுகளில் ஆய்வு தொடங்கியபோது, இருதய நோயால் இறப்பவர்கள் கிரீட்டில் மிகக் குறைவு என்று தெரியவந்தது. 2010 இல் யுனெஸ்கோ அந்த உணவு முறையை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. போரில் அடிபட்ட ஒரு கரையில், ஏழைப் பெண்கள் கிடைத்ததைக் கொண்டு சமைத்த சாப்பாடுதான் அது.

எமது கரையிலும் கீரையும் மீனும் பருப்பும் இருந்தன. ஆனால் போர் எமக்கு வேறொன்றையும் பழக்கியது. இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த காலத்தில் நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவை நினைவிருக்கும். காலையிலும் ரொட்டி, இரவிலும் ரொட்டி. அந்த மா பல உயிர்களைக் காப்பாற்றியது, மறுக்க முடியாது. இன்று யாரும் தராமலே, காசு கொடுத்து அதையே றோல்ஸாகவும் கொத்தாகவும் வாங்குகிறோம்.

ஆகவே கடைக்குப் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். கேட்டு வாங்குங்கள் என்கிறேன். நானும் அக்காவும் போகும் கடையில் இடியப்பம் கிடைக்கும். சிவப்பரிசி மாவில் அவித்ததைக் கேட்போம். அதற்குப் பருப்பும், சூடை அல்லது கீரி மீன் குழம்பும். அறக்குளாத் துண்டின் விலைக்கு ஏங்கத் தேவையில்லை. இருதயத்திற்கு நல்ல கொழுப்பு இந்தச் சின்ன மீன்களில் தாராளமாக உண்டு. பொரித்த மீனை விடக் குழம்பு மீன் நல்லது. வல்லாரைச் சம்பலோ முருங்கையிலைச் சுண்டலோ இருந்தால் அதையும் சேர்ப்போம். சீனி வருத்தம் உள்ளவர்கள் இடியப்பத்தின் எண்ணிக்கையைக் குறைத்துக் கறியைக் கூட்ட வேண்டும். சிவப்பரிசி என்றாலும் அளவு அளவுதான்.

பிள்ளைகள் கொத்துத்தான் வேண்டுமென்று நின்றால்? கொத்துபவர் எங்கள் கண்முன்னே தானே நிற்கிறார். "தம்பி, ரொட்டியக் குறைச்சி லீக்ஸ், கரட், கோவா கூடப் போடுங்க, முட்டை போதும், எண்ணெய் கொஞ்சமா விடுங்க" என்று அக்கா சொல்லுவா. முதல்நாள் அவர் ஒருமாதிரிப் பார்த்தார். இப்போது அவவைக் கண்டதும் கரட்டை அள்ளுகிறார். ஒரு பெரிய பார்சலை மூன்று பேர் பகிரலாம், வீட்டில் அவித்த கடலை இருந்தால் நாலு பேருக்கும் காணும்.

சாப்பாட்டோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கம் எம்மிடம் உண்டு. இரத்தம் குறைந்த பெண்கள் ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிப்பது நல்லது. தேயிலை, உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். மாறாக, கீரைக்கும் பருப்புக்கும் தேசிக்காய்ப் புளி விட்டால் அது கூடுதலாகச் சேரும்.

எண்ணெய்தான் சிக்கலான விடயம். ஒலிவ் எண்ணெய்ப் போத்தலின் விலையைப் பார்த்தால் போத்தலைத் திரும்ப வைத்துவிடுவோம். தேங்காய் எண்ணெயும் அதுவும் ஒன்றே என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்பு மிக அதிகம். தேங்காயை விடச் சொல்வது எமது ஊரில் நடவாத காரியம். கட்டிப்பாலைக் குறைத்துச் சொதியைத் தண்ணிப் பாலில் வைக்கலாம், தாளிக்க நல்லெண்ணெய் பாவிக்கலாம். ஸ்பெயினில் 7,000 இற்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்றில், ஒலிவ் எண்ணெய் பெற்றவர்களைப் போலவே தினமும் ஒரு கைப்பிடி கொட்டை வகைகள் பெற்றவர்களுக்கும் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை குறைவாகவே வந்தன. அங்கே கொடுத்தது வாதுமையும் வேறு கொட்டைகளும். எமக்குக் கைக்கெட்டுவது கச்சான்.

அதை வாங்கக் கடற்கரைக்குத் தான் போகவேண்டும். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறி வந்த அதே கரை. பல வருடங்களாக அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதிருந்த பெண்களும் இப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். சோடாப் போத்தல்களில் 2016 இலிருந்து நிறப் புள்ளி போட வேண்டுமென்பது சட்டம்: நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பிள்ளைகளுக்கு அந்தப் புள்ளியைக் காட்டிக் கொடுத்தால் அவர்களே தேடிப் பார்ப்பார்கள்.

அங்கே கச்சானும், தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்ட கடலையும் விற்பவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். உப்பில்லாத கச்சான் வேண்டுமென்று கேட்டால் தனியாக வறுத்துத் தருவா ஒருவ. அக்கா இரண்டு சுருள் வாங்குவா. ஒன்றைப் பிள்ளைகளுக்கென்று பைக்குள் வைப்பா. மற்றதை மணலில் இருந்து, யாருக்கும் கொடுக்காமல், முழுவதையும் தானே தின்று முடிப்பா.