வாளியைக் கவிழ்த்த குதிரைக்குட்டி

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அத்தகைய கட்டுரைகளை இம்மலரில் நம்மினும் வல்லார் பலர் எழுதுவர். ஆதலால், ஏட்டிலே காணாத பாடமொன்றை, ஒரு குதிரைக்குட்டியினிடத்தே நாம் கண்டவாறு, ஈண்டு எழுதத் துணிந்தோம். ஆசிரியத் தொழிலை நாடும் மாணவர்க்கும், மக்களைப் பெற்று வளர்க்கும் பழைய மாணவர்க்கும் இஃது ஒருவாறு பயன்படும் என்பது நம் எண்ணம்.

குதிரை தமிழர்க்குப் புதிய விலங்கன்று. பாண்டியனுக்குப் பரி வாங்கச் சென்ற வாதவூரர் திருப்பெருந்துறையிலே ஆட்கொள்ளப்பட்டதும், நரிகள் பரிகளாகி மதுரை புகுந்ததும் சைவப் பிள்ளைகள் யாவரும் அறிந்த வரலாறு. விராட நகரத்திலே நகுலன் குதிரைகளைக் காத்து மறைந்து வாழ்ந்தான். நளன் வாகுகனாய்த் தேரோட்டினான். ஆயினும், இன்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுள் குதிரையை அருகே நின்று கண்டோர் மிகச் சிலரே. காண விரும்புவோர் குறிகட்டுவானிற் படகேறி நெடுந்தீவுக்குச் செல்லல் வேண்டும்.

ஏறக்குறைய 50 சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய அத்தீவிலே, பவளக் கற்களை அடுக்கிய வேலிகளுக்கு அப்பால், கட்டுவாரும் மேய்ப்பாரும் இன்றிக் குதிரைகள் கூட்டங் கூட்டமாகத் திரிகின்றன. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தே கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. ஒல்லாந்தர் அங்கே குதிரை வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் ஆங்கில இராணுவ அதிகாரியும் அத்தொழிலைத் தொடர்ந்தார். பழைய குதிரை லாயத்தின் எச்சங்களை இன்றுங் காணலாம். மாரியிலே பசும்புல் மேய்ந்து கொழுத்திருக்கும் அக்குதிரைகள், கோடையிலே குளங்கள் வற்றியதும் நீர் தேடி அலைந்து மெலியும்; சில மடிந்தும் போகும்.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி பெற்று வெளியேறிய பின், நாம் சில ஆண்டுகள் அத்தீவிலே கற்பித்தோம். 2014 ஆம் ஆண்டுக் கோடை மிகக் கொடிதாயிருந்தது. அக்காலத்தே நம் வகுப்பு மாணவன் ஒருவன் நாடோறும் முதற்பாடம் முடியுந் தறுவாயிலேயே வந்து சேர்வான். சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருந்தன. தண்டிக்குமுன் காரணம் அறிதல் முறையாதலின், அவனைத் தனியே அழைத்து வினவினோம்.

"மாஸ்டர், நான் பிந்தி எழும்பிறேல்லை. விடியப்புறம் நாலு மணிக்கே தண்ணிக்குப் போறனான். கொண்டந்து வைக்க, குட்டி கவிட்டுப்போடும். பிறகும் போகோணும்," என்றான் அவன்.

அன்று மாலையே அவனுடன் அவன் வீட்டுக்குச் சென்றோம். தந்தையை இழந்த அவன் தாயுடனும் அப்புவுடனும் வாழ்ந்து வந்தான். வற்றிய குளத்தருகே இறந்து கிடந்த தாய்க்குதிரையின் பக்கத்தில் நின்ற குட்டியொன்றை, இரக்கங் கொண்டு, அம்முதியவர் தம் வளவுக்குக் கொண்டுவந்திருந்தார். மாரி வருமளவும் காத்துப் பின் கூட்டத்தோடு விட்டுவிடுவதே அவர் கருத்து. பால்குடி மறந்த அக்குட்டி ஓலைக் கொட்டிலில் நின்றது. அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்ரிக் வாளி கவிழ்ந்து கிடந்தது, நிலம் ஈரமாயிருந்தது.

சிறுவன் நீர் நிறைத்து வைத்ததும், குட்டி இரண்டு வாய் குடித்தது. மூக்கை அமிழ்த்தி அலைத்தது. பின் வாளியின் பிடியைப் பல்லாற் கவ்வித் தூக்கி உதறியது. நீர் முழுவதும் மண்ணுக்காயிற்று. நல்ல நீருள்ள கிணறு நெடுந்தொலைவிலிருந்தது. இரண்டு கான்களைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு அவன் மீண்டும் செல்லல் வேண்டும். வீட்டாரின் குடிநீருக்கும் அதுவே கிணறு. ஒரு குட்டியின் விளையாட்டு ஒரு பிள்ளையின் படிப்பையே கவிழ்த்துக்கொண்டிருந்தது.

"வாங்கோ மாஸ்டர். பேசியும் பாத்தாச்சு, அடிச்சும் பாத்தாச்சு. குதிரை குணமறிஞ்சுதான் ஆண்டவன் கொம்பு குடுக்கேல்லை எண்டு சும்மாவே சொன்னவை?" என்றார் முதியவர்.

அடித்ததன் பயனையும் ஆங்கே கண்டோம். பூவரசந் தடியைக் கண்டதும் குட்டி மூலைக்கு ஒதுங்கியது. தடியேந்தியவர் நிற்குமட்டும் வாளியையே அணுகவில்லை. கவிழ்த்தல் குற்றமென்று அதற்கு விளங்கவில்லை. வாளியருகே சென்றால் அடிவிழும் என்பது மட்டுமே விளங்கியது. குடியாது விடுதல் கவிழ்த்தலினும் கேடு. முழு வளர்ச்சியுற்ற குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 முதல் 45 லீற்றர் வரை நீர் வேண்டும்; குட்டிக்கு அதன் உடலளவுக்கேற்பக் குறையும். நீர் குறைந்தால் உண்ட காய்ந்த புல் குடலிலே இறுகி, உயிரையே மாய்க்கும் வயிற்று நோயுண்டாகும்.

கால்நடைப் பகுதியிற் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவரை நாம் அறிந்திருந்தோம். அவரை அழைத்துச் சென்று குட்டியைக் காட்டினோம். அவர் நெடுநேரம் வாளாநின்று நோக்கினார். பின்னர், "அண்ணை, அது உங்களோடை கோவிச்சுக் கவிழ்க்கேல்லை. வேறை வேலையில்லாமல் கவிழ்க்குது," என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. குதிரை கூட்டமாய் வாழும் விலங்கு. வெளியிலே விட்டால் நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும். அதன் இரைப்பை உடலுக்குச் சிறிது. ஆதலின் சிறிது சிறிதாய் ஓயாது உண்ணும் இயல்பினது. இளங்குதிரை எப்பொருளையும் வாயினாலேயே சோதித்து அறியும். அத்தகையதைத் தனியே கட்டி, இருவேளை மட்டும் புல்லிட்டு, முன்னால் அசையும் பொருளாக ஒரு வாளியை மட்டும் வைத்தால், அது வாளியோடு விளையாடாமல் வேறென் செய்யும்?

மருந்துகள் எளியனவாயிருந்தன. முதலில் நீரின் குறை நோக்கப்பட்டது. வாளியின் உட்புறம் பாசி படிந்திருந்தது. வெயிலில் நின்றமையால் நீர் சுட்டது. அதனைத் தேய்த்துக் கழுவி நிழலுக்கு மாற்றினர். அடுத்து, கைவிடப்பட்டுக் கிடந்த உழவு இயந்திர ரயர் ஒன்றைக் கொட்டிலின் மூலையில் இட்டு, அதன் நடுவே வாளியை இறுக வைத்தனர். மறுநாட் காலை குட்டி பிடியைக் கவ்வி வாளியை வெளியே இழுத்துவிட்டது. பிடி கழற்றப்பட்டது. அப்பால் அது முன்காலை உள்ளே இட்டு நீரை அளைந்தது. பவளக் கற்களை அடுக்கி மேடையிட்டு, ரயரையும் வாளியையும் அதன் மார்பளவுக்கு உயர்த்தினர். காலும் எட்டவில்லை, பல்லுக்கும் பிடி கிடைக்கவில்லை.

இவையெல்லாம் வாளியைக் காத்தனவேயன்றிக் குட்டியின் குறையைத் தீர்க்கவில்லை. அதற்காக, இருவேளை இட்ட அதேயளவு புல்லை ஐந்தாறு முறையாகப் பகுத்திட்டனர். கற்கள் சில இட்டு மூடிய வெறுங் கானொன்றைக் கயிற்றிற் கட்டி உத்தரத்திலே தொங்கவிட்டனர். அதனை மூக்கால் முட்டி ஒலியெழுப்புதல் குட்டிக்குப் பெருவிருப்பாயிற்று. மாலையிலே சிறுவன் அதனைக் கயிற்றிற் பிடித்து வெளியிலே நடத்திச் சென்றான். வீட்டு ஆடொன்றும் கொட்டிலிலே துணையாகக் கட்டப்பட்டது. குட்டி அமைதியாய் நீர் குடித்தவிடத்து அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தனர்.

எல்லா விளையாட்டுக்கும் இடங்கொடுத்தனர் என்று எவருங் கருதற்க. நடத்திச் செல்கையிற் குட்டி சிறுவனின் கையைக் கவ்வ முனைந்தது. அதனை மட்டும் ஒருபோதும் பொறுத்தல் ஆகாது என அன்பர் கண்டிப்பாய்க் கூறினார். கவ்வ முனைந்த அக்கணமே உரத்த குரலில் ஒரு சொல், கயிற்றை இறுக்கி விலக்குதல், அவ்வளவே. சினந்து பின்தொடர்ந்து அடித்தல் இல்லை. பொருளோடு விளையாடுதல் வேறு. ஆளைக் கடித்தல் வேறு. முன்னதற்கு மாற்று விளையாட்டு வேண்டும். பின்னதற்கு மாறாத எல்லை வேண்டும்.

பத்து நாட்களுள் நீர் சிந்துதல் பெரிதுங் குறைந்தது. சிறுவன் ஒருமுறை மட்டும் கிணற்றுக்குப் போய்வந்து, மணி அடிக்குமுன் வகுப்பிலே அமர்ந்தான். மார்கழியிலே பரீட்சையும் எழுதினான். மாரி பெய்து வெளியெங்கும் புல் தளிர்த்த நாளொன்றில், முதியவர் குட்டியைக் கூட்டம் மேயுமிடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். சில நாட்கள் அது கொட்டிலைத் தேடி வந்ததென்றும், பின்பு வரவில்லையென்றும் சிறுவன் கூறினான். கூறுகையில் அவன் கண் கலங்கிற்று.

ஆசிரிய கலாசாலையிலே குழந்தை உளவியலை நாம் பாடமாகப் படித்திருந்தோம். அதன் பொருள் முழுவதும் நமக்கு விளங்கியது அக்கொட்டிலிலேயாம். இந்நாளில் நம் வகுப்பிலே மேசையைத் தட்டுவோனும், பேனாவைச் சுழற்றுவோனும், அயலான் கொப்பியைப் பறிப்போனும் உளர். அவரைக் காணுந்தோறும், "இவன் கைக்கு நாம் என்ன வேலை கொடுத்திருக்கின்றோம்?" என்றே முதலில் நம்மை நாம் வினவுகின்றோம். ஒருவன் கரும்பலகையிலே சொற்களை எழுதுகின்றான். மற்றொருவன் சிறுவர்க்கு வாசித்துக் காட்டுகின்றான். மேசையொலி தானே அடங்குகின்றது. அடங்காதவிடத்துக் கண்டிப்பும் உண்டு. ஆயின் அது முதற்படியன்று.

தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பர் நம் முன்னோர். பழக்கத்தை மாற்றுதற்குக் காலமும் பொறுமையும் சிறிது நீரிழப்பும் வேண்டும். பிந்தி வரும் பிள்ளைகள் எல்லாப் பாடசாலைகளிலும் உளர். அவருட் சிலர் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்தவராயும் இருத்தல் கூடும். விழாக் கொண்டாடும் நம் கல்லூரியிலே பயிலும் தம்பிமாருள் ஆசிரியராக வருவோர் இதனை மனத்திலிருத்தல் வேண்டும். கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க!